சேரன் நிறுத்திய காற்று

சேரன் பூச்சிமருந்து டேங்கை முதுகில் மாட்டினால் அவன் இறங்கிய கொல்லையில் காற்று நின்றுவிடும். இறக்கி வைத்தால் மறுபடியும் அடிக்கும். கொடுக்கந்தாங்கலில் இதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து இறங்கிச் சவுக்குத் தோப்புகளைத் தாண்டினால் வருகிற ஊர் அது. அங்கே ஒருத்தர் முருங்கைக் கொம்பை எங்கே நட்டாலும் துளிர்த்துவிடும், இன்னொருத்தர் தொட்டால் நேற்றுத்தான் கம்பி சுற்றி வந்த மோட்டார்கூட எரிந்துபோகும். கைராசி என்று அதற்குப் பேர். அந்தக் கணக்கில் சேரனின் காற்றையும் சேர்த்துக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

முதன்முதலாக அது நடந்தது ஓர் ஆடி மாதத்தில், முருகையனின் கத்தரிக் கொல்லையில். ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். விடிகிற நேரத்தில் கொஞ்சம் அடங்கியிருக்கும், அதற்குள் மருந்து அடித்து முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு அடித்தால் பாதி மருந்துதான் இலையில் படும். மீதி பக்கத்துக் கொல்லைக்கும் அடிக்கிறவன் மூஞ்சிக்கும் போகும், புழு சௌக்கியமாக இருக்கும். அன்றைக்கென்று பார்த்துச் சேரன் உச்சிவேளைக்குத்தான் வந்து சேர்ந்தான். மகள் அமலியைத் திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தான்.

"இன்னாடா, மாப்பிள்ளை மாதிரி இப்ப வர்ற? என் மருந்தை எவன் கொல்லைக்கு அடிக்கப் போற?" என்று முருகையன் வரப்பில் நின்று கத்தினார்.

"புள்ளைய இஸ்கூல்ல சேத்துட்டு வர்றேங்க. கோச்சுக்காதீங்க, ஜல்தியா முடிச்சிடுறேன்."

சொல்லிவிட்டு மருந்தைக் கலந்தான். இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் சோப்பையும் கரைத்து ஊற்றி, டேங்கை முதுகில் ஏற்றினான். பக்கத்துத் தோப்பில் சவுக்கு இரைந்துகொண்டிருந்தது. மோட்டார் கொட்டகையில் காயப் போட்டிருந்த புடவை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கத்தரிக் கொல்லையில் மட்டும் ஒரு இலை அசையவில்லை. குழாய் நுனி நாசிலிலிருந்து வந்த மருந்து சலித்த மாவு விழுவதுபோல நேராக இறங்கி, இலைக்கு மேலேயும் கீழேயும் படிந்தது. முருகையன் தலைத்துண்டை அவிழ்த்து உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். துண்டு தொங்கியது. மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டார். அந்தத் தடவை காய்ப்புழு ஒட்டுமொத்தமாக ஒழிந்தது, வாங்கி வைத்த மருந்தில் பாதி மிச்சமானது.

மிச்சம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வாரத்திலிருந்து சேரனுக்கு ஓய்வு இல்லை. இன்றைக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலை, நாளைக்கு உளுந்து, நாளன்றைக்கு தர்பூசணி. களத்தில் நெல் தூற்றுகிறவர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கும்போது பக்கத்துக் கொல்லையில் சேரன் டேங்கை மாட்டிவிட்டால், பதரும் நெல்லும் ஒன்றாகக் காலடியிலேயே விழுந்தன. அஞ்சம்மாள் என்கிற அம்மா முறத்தோடு வரப்பில் வந்து நின்று, "டேய் சேரா, உனக்குப் புண்ணியமாப் போவும், அந்த எழவை எறக்கி வையேண்டா, ஒரு மரக்கா தூத்திக்கறேன்" என்று கெஞ்சினாள். சேரன் இறக்கி வைத்துவிட்டு, அவள் தூற்றி முடிக்கும் வரை பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு மருந்து அடிக்கிற நாளையும் தூற்றுகிற நாளையும் கோவில் ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கமானது.

விவசாய ஆபீசிலிருந்து புனிதா மேடம் வந்து பார்த்தார். மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் காகிதங்கள் கொண்டுவந்து இலைக்கு அடியிலும் மேலும் குத்தி வைத்தார். மருந்துத் துளி பட்ட இடம் நீலமாக மாறுமாம். மற்றவர்கள் அடித்த கொல்லையில் காகிதம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்திருந்தது. சேரன் அடித்ததில் முழுக்க நீலம். அவர் நல்ல மனுஷி. நாசிலைத் துருப்பிடிக்க விடாதே, உப்புத் தண்ணீரில் மருந்தைக் கலக்காதே, கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடிக்காதே என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நாசிலையும் தண்ணீரையும் பற்றிச் சொன்னதைச் சேரன் அன்றிலிருந்தே கடைப்பிடித்தான். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று அதை ஆணியில் மாட்டி வைத்தான். காற்று எங்கே போகிறது என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அது சேரனின் வீட்டுக்குப் போனது.

அவன் வீடு காலனியில், மேற்குக் கடைசியில் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டு முருங்கை சும்மா நிற்க, இவன் வீட்டுக்குள் மட்டும் காற்று நுழைந்தது. மாதா படம் போட்ட காலண்டர் படபடத்தது. தட்டுகள் உருண்டன. அடுப்பு அணைந்து அணைந்து போனதில் ஜெசிந்தா தீப்பெட்டியையே காலி பண்ணிவிட்டாள். கரண்ட் இல்லாத நாட்களில் காலனி ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குக் காற்று வாங்க வந்தார்கள். வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் கையைச் சொறிந்துகொண்டும் சீக்கிரமே எழுந்து போனார்கள். காற்றில் மருந்து வாடை இருந்தது.

ஒரு சின்ன வீடு ஒரு சாயங்காலத்தில் எவ்வளவு காற்றைத்தான் கொள்ளும்? கொல்லையில் நின்றுபோனதில் ஒரு பங்குதான் உள்ளே வந்தது. மீதி ரேஷன் கடைக்கு வந்த கூட்டம் மாதிரி வெளியே வரிசையில் நின்றது. ஜெசிந்தா அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். ஊரில் எல்லோரும் உளுந்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த மார்கழியில், அவள் வீட்டுக்குள் ஆடி மாதத்துக் கத்தரி மருந்து வாடை அடித்தது. "யோவ், இது எப்பவோ அடிச்ச மருந்துய்யா. இன்னும் வந்துக்கினே கீது" என்றாள். சேரன் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

அமலிக்கு அந்தக் காற்று விளையாட்டுச் சாமான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டுக் காகிதத்தைக் கிழித்து, வீட்டுக்குள்ளேயே பட்டம் விடுவாள். எந்தப் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை உண்டு? அவளுடைய சிநேகிதிகள் பொறாமையில் புழுங்கினார்கள். இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் அவளுக்கு இருமல் வந்தது. மூன்றாம் வகுப்பில் இழுப்பு. சாயங்காலம் ஆனால் நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வரும். ஜெசிந்தா மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றினாள்; பக்கத்துத் தெருவில் மகள் வீட்டில் இருந்த மாமியார் குப்பம்மாள் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வாசலில் கட்டினாள். காற்று இரண்டுக்கும் மரியாதை கொடுக்கவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை இழுக்க வைத்தார்கள். வீட்டில் பூச்சிமருந்து வைத்திருக்கிறீர்களா, பிள்ளையை அதன் வாடை படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

"கேட்டுக்கினியா?" என்றாள் ஜெசிந்தா, திரும்பி வரும் பஸ்ஸில். "டேங்கைத் தூக்கிக் கெணத்துல போடு. மல்லாட்டை புடுங்கப் போலாம், சவுக்கு வெட்டப் போலாம். எம்புள்ள மூச்சு வுட்டாப் போதும் எனக்கு."

விட்டுவிடுகிறேன் என்று சேரன் சொன்னான். மனசாரத்தான் சொன்னான். அமலியின் தலையில் கையை வைத்துச் சொன்னான். ஆனால் அவனை முழுக்கக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை. அந்த ஊரின் வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு தரைப்பாலம் இருந்தது. கூலிக்கு ஆள் வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு பேர் சொல்லிக் கத்துவார்கள். பேருக்குரியவன் ஓடி வர வேண்டும். சேரனின் அப்பன் அப்படித்தான் ஓடினான், தாத்தாவும் ஓடினான். பாலத்தைத் தாண்டி எந்தக் கொல்லைக்காரரும் காலனிக்குள் கால் வைத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. காற்று நிற்க ஆரம்பித்த பிறகு சேரனை யாரும் கத்திக் கூப்பிடுவதில்லை. பாலத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, அவன் வரும் வரை காத்துக்கொண்டிருந்தார்கள். முருகையன் வீட்டில் அவனுக்குப் பேப்பர் கப் போய் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. முதல் நாள் அந்த டம்ளர் சுட்டது கையிலா மனசிலா என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி ஜெசிந்தாவிடம் அதை இரண்டு தடவை சொன்னான்.

அவன் டேங்கை ஓரம் கட்டிவைத்த அந்த வருஷம் பார்த்து நெல்லில் புகையான் விழுந்தது. அது தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. நேற்றுப் பச்சையாக இருந்த வயல் இன்றைக்கு நடுவில் வட்டம் வட்டமாகக் கருகிக் கிடக்கும். மருந்து தூர் வரைக்கும் இறங்கினால்தான் அது சாகும். காற்றில் அடித்தால் நுனியோடு நின்றுவிடும். ஊரே சேரனைத் தேடியது. ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். பாலத்தில் நின்று கூப்பிட்டார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான்.

ஒரு காலையில் முருகையன் தரைப்பாலத்தைத் தாண்டினார். காலனித் தெருவில், இரண்டு பக்கமும் ஜனங்கள் எழுந்து நிற்க, அவர் நடந்து வந்து சேரனின் வாசலில் செருப்பைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "சேரா, கையெடுத்துக் கும்புடுறேம்ப்பா. இந்த ஒரு தடவை வந்து காப்பாத்திக் குடுத்துடு. அப்புறம் உன்னைக் கேக்கவே மாட்டேன்" என்றார்.

சேரன் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அமலி சுவர் ஓரமாக உட்கார்ந்து கேப்பைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்தது கும்பிட்ட கை. அவனுடைய அப்பன் எத்தனை தடவை அந்த வீட்டு வாசலில் கும்பிட்டிருப்பான்! அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அந்தத் தெருவில் எவனுக்கும் நாக்கு எழுந்திருக்காது.

"சரிங்க" என்றான்.

அந்த வாரம் முழுக்க அவன் இறங்காத வயல் இல்லை. ஊரைச் சுற்றி இருந்த அத்தனை நெல்லிலும் காற்று நின்றது. புகையான் கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் விழுந்து மிதந்தது. ஊர் பிழைத்தது. கடைசி வயலை முடித்துவிட்டு, மோட்டாரில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு, சாயங்காலம் அவன் வீட்டுக்குள் கால் வைத்தபோது, வெளியே நின்ற வரிசை உடைந்தது. கூட்டம் என்றால் அப்படித்தானே, ஒருவன் முண்டினால் எல்லாரும் முண்டுவார்கள். வருஷக் கணக்கில் காத்திருந்த காற்றும் அந்த வாரத்துக் காற்றும் ஒன்றாகக் கதவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தன. ஜெசிந்தா அமலியைத் தன் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தாள். சேரன் பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அவள் உதடு நீலமாகியிருந்தது. ஐயோ, அந்த உதட்டைப் பார்த்த பிறகுமா ஒரு தகப்பன் ஒழுங்காக இருப்பான்? பாலத்தில் நின்று அவன் கத்தின கத்தில் ஊர் எழுந்து வந்தது. முருகையன்தான் தன் காரை எடுத்தார்.

முண்டியம்பாக்கத்தில் அமலியை மீட்டுக் கொடுத்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் உதட்டில் ரத்தம் வந்தது. பிள்ளைகள் வார்டில் ஆண்களுக்கு இடம் இல்லை என்று சேரன் வெளியே வேப்பமரத்தடியில் படுத்தான். அந்த மரம் மட்டும் பிய்த்துக்கொண்டு போவதுபோல ஆடியது. அவன் இருந்த இருப்பில் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளை பேச ஆரம்பித்ததும் ஜெசிந்தா அவளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பொம்மையார்பாளையத்தில் இருக்கிற தன் தாய் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். துணி எடுக்கக்கூடக் கொடுக்கந்தாங்கலுக்கு வரவில்லை. புருஷனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் தேறியிருப்பான்.

சேரன் டேங்கைத் தூக்கி முருகையன் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான். அதன் பிறகு அவன் டேங்கைத் தொடவே இல்லை; சவுக்கு வெட்டப் போனான். ஊர்க்காரர்கள் ஒரு போகம் வரை முனகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த போகத்துக்கு டிரோன் வந்தது. புனிதா மேடம் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தார். செல்வகுமார் என்கிற பையன் வேனில் கொண்டுவந்து, வரப்பில் நின்றபடியே ரிமோட்டை அழுத்தி, அரை நாளில் ஊரின் ஒரு பக்கத்து வயல்களையெல்லாம் முடித்துவிட்டுப் போனான். றெக்கைக் காற்று மருந்தைக் கீழே அழுத்தி விடுகிறது, பரவாயில்லை, பூச்சி நல்லாத்தான் சாகிறது என்றார்கள். டிரோனுக்கு டீ கொடுக்க வேண்டியதில்லை. சேரனைக் கூப்பிட வேண்டியிருந்தால் மறுபடியும் பாலத்தில் நின்று கத்த ஆரம்பித்தார்கள். இதற்காகவா என்று அவன் ஒரே ஒரு தடவை வாய்விட்டு அழுதான், அதுவும் தோப்புக்குள்.

மருந்து வாடை உடம்பை விட்டுப் போகட்டும் என்று கொஞ்சம் காலம் தள்ளி, அவன் பொம்மையார்பாளையத்துக்குப் போனான். இனி அங்கேயே படகு வேலைக்குப் போய், பெண்டாட்டி பிள்ளையோடு இருந்துவிடலாம் என்று துணிமணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் போனான். ஜெசிந்தா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். அமலி அப்பன் மடியை விட்டு இறங்கவில்லை. கடல் காற்றில் அவள் கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பொழுது சாய்ந்தது. கடல் காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேற்கிலிருந்து ஒரு காற்று தென்னைகளை விலக்கிக்கொண்டு வந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தது. தர்பூசணிக்கு அடித்த மருந்து வாடை. அமலி ஒரு தடவை இருமினாள்.

ஜெசிந்தாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. சேரன் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, எழுந்து வெளியே போனான். காற்றும் வெளியே போனது. மணலில் கொஞ்ச தூரம் நடந்தான். அது பின்னாலேயே வந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, அது எந்தக் காலத்திலும் வீட்டைத் தேடி வந்தது இல்லை என்று. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருக்க, அவன் மூட்டையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தான்.

அன்றிலிருந்து அவன் கொடுக்கந்தாங்கலில் தனியாக இருக்கிறான். பொழுது சாய்ந்தால் காற்று வரும், விடிந்தால் போகும். அந்த வாரத்துத் தள்ளுமுள்ளுக்குப் பிறகு அதுவும் அடங்கி, முன்னைப்போல வரிசையில்தான் வருகிறது. வாடையை வைத்தே இது யாருடைய கொல்லை, என்ன பயிர், எந்தப் பருவம் என்று அவனால் சொல்ல முடியும். அவன் உள்ளே வாங்கித் தீர்த்த காற்று திரும்பி வருவதில்லை, வரிசை அந்த அளவுக்குக் குறையும். அதனால் ஒரு சாயங்காலத்தையும் அவன் வீணாக்குவதில்லை. கல்யாணம், சாவு, திருவிழா எதற்குப் போனாலும் பொழுதுக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். இப்போது அவனுக்கும் இருமல் இருக்கிறது. ஆணியில் மாட்டிய முகமூடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஜெசிந்தா போனில் சத்தம் போட்டாள். போட்டுக்கொண்டிருக்கிறான். மகள் ஒழுங்காக மூச்சு விட வேண்டுமானால் தகப்பன் தள்ளி இருக்க வேண்டும் என்பது, கிணற்றில் தண்ணீர் இறங்கியதைப்போல, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதி.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஜெசிந்தாவும் அமலியும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்கள். சேரனும் சவரம் பண்ணிக்கொண்டு வருவான். கரும்புச்சாறு குடிப்பார்கள். ஜெசிந்தா கருவாட்டுப் பொட்டலத்தை அவன் பையில் வைப்பாள், சட்டையில் அறுந்த பொத்தானைப் பார்த்து, "ஒரு ஊசி நூலுகூடவா உன் ஊர்ல கெடைக்கல?" என்பாள், அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள். தைத்து முடித்த பிறகும் அவள் கை கொஞ்ச நேரம் அந்தச் சட்டையின் மேலேயே இருக்கும்.

அமலி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். போன தடவை வந்தபோது பஸ் கிளம்புகிற நேரத்தில், "நான் பெரியவளாயிட்டேம்ப்பா. ஒரே ஒரு நாளு உன்கூட வந்து தங்கறேன். உன் காத்து என்னை ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

"வாணாம்மா."

"இன்னும் எவ்ளோ காத்துப்பா மிச்சம் கீது?"

"கொஞ்சந்தாம்மா."

ஒவ்வொரு வருஷமும் அவன் சொல்கிற பதில் அதுதான். உண்மையில் வரிசை இன்னும் அவன் மருந்து அடித்த இரண்டாம் வருஷத்தையே தாண்டவில்லை. அது அமலிக்கும் தெரியும். அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாள். "சரிப்பா" என்று ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் நகர்ந்ததும் வெளியிலிருந்து சாதாரணக் காற்று, டீசல் வாடையும் மல்லிகைப்பூ வாடையும் கலந்த பஸ் ஸ்டாண்டுக் காற்று, அவள் முகத்தில் அடித்தது. அவள் அதை இழுத்து உள்ளே வாங்கினாள். இருமல் வரவில்லை. சேரன் அவள் கையாட்டலைப் பார்க்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பஸ் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் பஸ்ஸுக்கு ஓடினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அன்றைக்கு வந்திருந்தது ஏரிக்கரை உளுந்துக் கொல்லையின் காற்று. சேரன் முகமூடியை மாட்டிக்கொண்டு, கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டான்.